நகையும் வறுமையும்: சாப்ளினின் ‘தி சர்க்கஸ்’

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களையும், அழுகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களையும் வகுத்துரைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகைக்கு உரியன. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்கு உரியன. வறுமை எப்பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அன்பர்கள் நோக்குதல் வேண்டும். கையில் காசில்லாத ஒருவன் அடுத்த வேளைச் சோற்றுக்குத் திண்டாடுவது இலக்கண நெறிப்படி அழுகைக்குரிய செய்தி. ஆயின், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பேசாப் படங்கள் அச்செய்தியையே நகைக்குக் களனாக்கிக்கொண்டன. வயிற்றுக்கில்லாதவன் ரொட்டி திருடுகிறான்; அரங்கம் சிரிக்கிறது. இஃது எவ்வாறு இயன்றது, இது தகுமா என்னும் இரண்டு வினாக்களையும் 1928-ஆம் ஆண்டு வெளிவந்த சார்லி சாப்ளினின் ‘தி சர்க்கஸ்’ என்னும் படத்தின் முன் வைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

சாப்ளினின் பசிக்காட்சி என்றவுடன் பலரும் நினைப்பது 1925-இல் வந்த ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் அவர் காலணியை வேகவைத்து உண்ணும் காட்சியையே. அதன் சிறப்பை யாம் மறுக்கவில்லை. எனினும், அங்கே பசியைத் தருவது பனிப்புயல். புயலின்மேல் யாருக்கும் வழக்கில்லை. ‘தி சர்க்கஸ்’ படத்திலோ பசியைத் தருபவன் மனிதன். அதிலும் கலைஞர்களை வைத்துத் தொழில் நடத்தும் முதலாளி. அவனிடம் சிக்கியவர்களோ ஊரைச் சிரிக்கவும் வியக்கவும் வைப்பதைத் தவிர வேறு தொழில் அறியாதவர்கள். கூத்தாடிகளின் பசியைப் பற்றிய படம் இது என்பதே யாம் இதனைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம். சாப்ளினைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘தி கிட்’, ‘சிட்டி லைட்ஸ்’, ‘மாடர்ன் டைம்ஸ்’ என்று அடுக்கிவிட்டு இப்படத்தை ஒரு வரியில் கடந்து செல்வதும் எமக்கு நெடுநாளாக உள்ள குறை.

படம் ஒரு விண்மீனில் தொடங்குகிறது. காகிதம் ஒட்டிய வளையத்தின் நடுவே வரையப்பட்ட விண்மீன் அது. அக்காகிதத்தைக் கிழித்துக்கொண்டு குதிரையேற்றக்காரப் பெண் ஒருத்தி பாய்ந்து வருகிறாள். மெர்னா கென்னடி நடித்த இப்பெண் சர்க்கஸ் முதலாளியின் வளர்ப்பு மகள். அவள் ஒரு முறை வளையத்தைத் தவறவிடுகிறாள். அதற்குத் தண்டனை இரவு உணவு இல்லை என்பது. அடிப்பதையும் தள்ளுவதையும்விட இத்தண்டனையே நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஏனெனில் அது மிக இயல்பாக, அன்றாட நடைமுறைபோல் விதிக்கப்படுகிறது. கூடாரத்தில் கூட்டமும் இல்லை. கோமாளிகளின் வேடிக்கைக்குச் சிரிப்பாரும் இல்லை. முதலாளியின் சினம் முழுவதும் தன்னை நம்பியிருப்பவர்களின் வயிற்றில் இறங்குகிறது.

இதற்குப் பின்னரே நம் நாயகன் தோன்றுகிறான். கேளிக்கைத் திடலில் பசியோடு நிற்கிறான். அவனுக்கு முன்னே ஒருவர் தம் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நிற்கிறார். அவர் முதுகுப் பக்கமாகத் தொங்கும் குழந்தையின் கையில் இறைச்சி வைத்த ரொட்டி இருக்கிறது. தந்தை காணாதபோது நம்மவன் ஒரு கடி கடிக்கிறான். அவர் திரும்பினால் குழந்தையோடு கொஞ்சி விளையாடுவதுபோல் முகத்தை மாற்றிக்கொள்கிறான். சுவை போதவில்லை என்று கடுகுச் சாந்தும் தடவிக்கொள்கிறான். இறுதியில் குழந்தையின் வாயைத் துடைத்தும் விடுகிறான்.

இக்காட்சியைத் தொலைக்காட்சியில் எம் இல்லத்துக் குழந்தைகள் கண்டு உருண்டு புரண்டு சிரித்தனர். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து எம்முடன் சில மாதங்கள் தங்கியிருந்த எம் அத்தையார் மட்டும் சிரிக்கவில்லை. “பசிச்ச மனுசன் திங்கிறதப் பார்த்து என்னடா சிரிப்பு உங்களுக்கு?” என்று கேட்டார். குழந்தைகள் விழித்தனர். தொல்காப்பியத்தின் பெயரைக்கூட அவர் கேட்டிருக்க மாட்டார்; எனினும் வறுமையை அழுகையின்பால் வைத்த மரபின் குரலாகவே அது எமக்குப் பட்டது. அவ்வினாவைத் தள்ளிவிட்டு இப்படத்தைப் புகழ்வது முறையன்று.

அக்காட்சியில் நாம் எதைக் கண்டு நகைக்கிறோம்? பசியைக் கண்டா? அன்று. பசித்தவன் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தால் நகை பிறந்திராது. இரக்கமோ அச்சமோதான் பிறந்திருக்கும். அவன் ஓடவில்லை. விருந்தினன் நடந்துகொள்ளும் முறையெல்லாம் தவறாமல் நடந்துகொள்கிறான். சாந்து தடவுகிறான், அளவாகக் கடிக்கிறான், உணவளித்தவரின் வாயையும் துடைத்துவிடுகிறான்! இல்லாதவன் உள்ளவனின் ஒழுங்குகளை இம்மியும் பிசகாமல் காக்கும் அம்முரண்பாடே நகைக்கு ஊற்று. பேதைமை, மடன் என்பவற்றை இங்கே தேடினால் அகப்படா. உணவு விஷயத்தில் இவனைப்போல் அறிவாளி கிடையாது. இவன் பேதையாக இருப்பது வேறோர் இடத்தில். அதற்குப் பின்னர் வருவோம்.

அடுத்து நிகழும் பணப்பை மாற்றம், காவலர் துரத்தல், கண்ணாடி மண்டபம், இயந்திரப் பொம்மைபோல் நின்று கள்வனின் தலையில் தடியால் தட்டும் விளையாட்டு ஆகியவற்றையெல்லாம் விரித்துரைத்தால் அவற்றின் சுவை கெடும். கண்டே மகிழ வேண்டும். ஓடி ஓடி அவன் சர்க்கஸ் கூடாரத்துள் புகுந்து காட்சியையே குலைத்துவிடுகிறான் என்பதும், இதுவரை கொட்டாவி விட்டிருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது என்பதும் மட்டும் இங்கே வேண்டுவன. அவன் போன பின்பும் அந்த வேடிக்கை மனிதனையே கொண்டுவரும்படி கூட்டம் கூச்சலிடுகிறது. முதலாளி அவனைத் தேடிப் பிடித்து, மறுநாள் காலை தேர்வுக்கு வரச் சொல்கிறான்.

அந்தக் காலைப்பொழுதில் நிகழ்வதே, எம் கருத்தில், படத்தின் உயிர்நிலை. கையில் ஒரு துண்டு ரொட்டி. கோழியொன்றைப் பின்தொடர்ந்து ஒரு முட்டையும் தேடிக்கொள்கிறான். தகரக் குவளையில் வேகவைக்கிறான். அப்போது இரவு முழுவதும் பட்டினி கிடந்த அப்பெண் அவனுடைய ரொட்டியைக் கண்டு எடுத்துத் தின்னத் தொடங்குகிறாள். இவ்விடத்தில் வேறு எந்த இயக்குநராயினும் நாயகனை உடனே வள்ளலாக்கியிருப்பார். நம் படங்களில் என்றால் பின்னணியில் வயலின் ஒலித்திருக்கும். சாப்ளின் அவ்வாறு செய்யவில்லை. நாயகனுக்குச் சினம் வருகிறது. தன் ரொட்டியை மீட்கவே பார்க்கிறான். அவள் பசி தன் பசியினும் பெரிது என்று உணர்ந்த பின்னரே கொடுக்கிறான். அப்போதும் மனமொப்பி அன்று, முணுமுணுப்போடுதான். அவள் அவசர அவசரமாக விழுங்கி விக்கல் எடுக்க, மெதுவாக உண்ணும்படி அவளுக்கு அறிவுரையும் வழங்குகிறான்.

வறுமை மனிதனை உயர்த்துகிறது என்பது வயிறு நிறைந்தோர் எழுதிய கதை. பசி முதலில் கஞ்சத்தனத்தையே கற்றுக்கொடுக்கும். அதனைத் தாண்டித்தான் ஈகை வர வேண்டும். அந்தத் தாண்டுதலை, சில நொடிகளுக்குள், முகத்தில் தோன்றும் மாற்றங்களால் மட்டும் காட்டியிருப்பதால்தான் அவன் தரும் ரொட்டிக்கு விலை ஏறுகிறது.

கூத்தாடிகளின் பசியைப் பாடுவதில் நம் சங்க இலக்கியத்திற்கு நிகர் வேறு இலக்கியம் உண்டா என்பது ஐயம். ஆற்றுப்படை என்னும் வகையே அதன் பொருட்டு எழுந்தது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் அடுக்களையை நினைவு கூர்க. உலை ஏறாத அவ்வடுக்களையில் நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. வீட்டுப்பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். அதை உண்ணுமுன் அவள் ஒன்று செய்கிறாள்: பிறர் பார்த்து இகழ்வரே என்று நாணிக் கதவை அடைக்கிறாள். பின்னரே சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகட்கும் கடல்களுக்கும் அப்பாலுள்ள இரண்டு படைப்புகளையும் ஒன்றென்று சொல்ல யாம் வரவில்லை. அவற்றிடையே உள்ள வேற்றுமையே எமக்கு வேண்டுவது. பாணனின் குடும்பத்திற்கு ஓட்டைக் கூரையாயினும் அடைப்பதற்கு ஒரு கதவு இருந்தது. சாப்ளினின் நாடோடிக்கு அதுவும் இல்லை. அவன் பசி திறந்த திடலில், பலர் காண நிகழ்கிறது. கதவில்லாதவன் தன் மானத்தைக் காக்கக் கையாளும் உத்திதான் அந்தக் கொஞ்சலும், வாய் துடைப்பும், தொப்பியைச் சரிசெய்துகொள்ளும் பாங்கும். பாணர் மனைவி கதவால் செய்ததை இவன் நடிப்பால் செய்கிறான்.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. ஆற்றுப்படையில் வழியின் முடிவில் ஒரு புரவலன் இருக்கிறான். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் சென்ற பொருநன், பல் தேயுமளவுக்கு ஊன் தின்று சலித்ததாகக் கூறுகிறான். ‘தி சர்க்கஸ்’ உலகில் புரவலன் கிடையாது. முதலாளி உண்டு, நுழைவுச்சீட்டு வாங்கிய கூட்டம் உண்டு.

தேர்வுக் காட்சிக்கு வருவோம். மூத்த கோமாளிகள் வில்லியம் டெல் நாடகத்தை நடித்துக்காட்டி, நாயகனையும் அவ்வாறே செய்யச் சொல்கின்றனர். தலையில் ஆப்பிளை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். இவன் ஆப்பிளை எடுத்துக் கடித்துவிடுகிறான். அதில் புழு இருப்பதைக் கண்டு அதற்குப் பதிலாக வாழைப்பழத்தைத் தலையில் வைத்துக்கொள்கிறான். நாடகத்திற்குரிய பொருள் மற்றவர்களுக்கு அடையாளம். பசித்தவனுக்கு அது பழம். தேர்வு தோல்வியில் முடிகிறது. நகைக்கும்படி செய் என்று கட்டளையிட்டால் அவனால் இயலவில்லை.

பின்னர்க் கூலி கிடைக்காத எடுபிடி ஆள்கள் வேலையை விட்டு வெளியேற, அந்த இடத்திற்கு இவனை அமர்த்துகின்றனர். தட்டுகளைச் சுமந்து வருகிறான், தடுக்கி விழுகிறான், மந்திரவித்தைக்காரரின் மேசையைத் தவறி இயக்கிவிடுகிறான். முயலும் பறவைகளும் பலூன்களும் வெளிக்கிளம்புகின்றன. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. தன் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று இவன் நடுங்குகிறான். மேலே நாம் குறிப்பிட்ட பேதைமை இதுதான். தன்னைக் கண்டே கூடாரம் நிறைகிறது என்பது அவனுக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியும். தெரிந்தும், அவனை எடுபிடியாகவே வைத்திருக்கவும் உண்மையை அவனுக்குச் சொல்லாதிருக்கவும் ஆணையிடுகிறான். பதவியின் பெயர் ஒன்று, வாங்கும் வேலை வேறொன்று. அலுவலகங்களில் காலம் கழிப்போருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இக்கருத்து சாப்ளினுக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்? அவர் 1964-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. தாயார் ஹன்னா இசையரங்குகளில் பாடியவர். ஆல்டர்ஷாட் என்னும் ஊரில் படைவீரர்கள் நிறைந்த அரங்கில் பாடுகையில் அவர் குரல் உடைந்து போயிற்று. ஐந்து வயதுச் சிறுவனாகிய சாப்ளினை மேடையில் நிறுத்தினர். அவர் பாடத் தொடங்கியதும் காசுகள் மேடையில் வந்து விழுந்தன. சிறுவன் பாட்டை நிறுத்தி, முதலில் காசைப் பொறுக்கிக்கொண்டு பிறகு பாடுவதாக அறிவித்தான். அரங்கம் சிரித்தது. மேடை மேலாளர் கைக்குட்டையோடு வந்து காசு பொறுக்க உதவினார். அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று அஞ்சி, அது தாயின் கைக்குச் சேரும்வரை சிறுவன் பின்னாலேயே சென்றான். சிரிப்பு இன்னும் பெருகிற்று. குழந்தை நடிக்கவில்லை, காசு உண்மையாகவே வேண்டியிருந்தது. 1896-இல் தாயும் பிள்ளைகளும் இலண்டனில் இலாம்பெத் வறியோர் விடுதிக்குச் செல்ல நேர்ந்தது என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மந்திர மேசைக்கு முன் நடுங்கும் எடுபிடி ஆளும் காசின் பின்னே ஓடிய சிறுவனும் ஒருவரே என்பது எம் துணிபு.

எனவே, படத்தில் இரண்டு வகைச் சிரிப்புகள் உள்ளன. கூடாரத்துக் கூட்டத்தின் சிரிப்பு ஒன்று. நம் சிரிப்பு மற்றொன்று. அவன் நடிக்கிறான் என்று எண்ணிக் கூட்டம் சிரிக்கிறது. அவன் நடிக்கவில்லை, வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறான் என்று அறிந்தே நாம் சிரிக்கிறோம். எம் அத்தையாரின் வினாவிலிருந்து கூட்டத்தினர் அறியாமையைச் சொல்லித் தப்பலாம். நமக்கு அவ்வழி இல்லை. சாப்ளின் நம்மை வேண்டுமென்றே அவ்விடத்தில் நிறுத்துகிறார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளியின் கணக்கிடும் முகத்தைக் காட்டி, அவன் இலாபத்தில் நம் சிரிப்புக்கும் பங்குண்டு என்று உணரச் செய்கிறார். வறுமையை நகைக்கு இடமாக்கியது தகும் என்று யாம் கருதுவது இதனால்தான்: நகைப்பவனை நிம்மதியாக நகைக்க அவர் விடவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாயகன் தன் மதிப்பை அறிந்து, தனக்கு நல்ல ஊதியமும் அப்பெண்ணுக்கு நல்ல நடத்தையும் கேட்டுப் பெற்ற பின்னர், படம் காதல் கதையாக மாறிவிடுகிறது. குறிசொல்பவளின் வாக்கு, ஹாரி க்ராக்கர் நடித்த கயிற்று நடையாளனின் வருகை, நாயகனின் ஏமாற்றம் ஆகியவை முன்னரே பழகிப்போன தடங்கள். அப்பெண்ணுக்குப் பசிக்கவும் காதலிக்கவும் தெரிகிறதேயன்றி வேறு குணமில்லை. வயிற்றைப் பற்றிப் பேசியபோது இருந்த கூர்மை நெஞ்சைப் பற்றிப் பேசும்போது மழுங்குகிறது. உயரக் கயிற்றின்மேல் குரங்குகள் அவனைப் படுத்தும் பாடு புகழ் பெற்ற காட்சி. அதில் திறமை உண்டு, ஆனால் படத்தின் பொருளுக்கு அது புறம்பு. பின்னாளில், 1960-களின் இறுதியில், முதுமையில் தாமே பாடிச் சேர்த்த பாட்டும் எமக்கு உவப்பன்று. பேசாப் படம் சொல்லாமல் விட்டதை அது சொல்ல முயல்கிறது.

இப்படம் உருவான காலம் சாப்ளினுக்கு நல்ல காலமாக இல்லை. 1926 செப்டம்பரில் படப்பிடிப்பு நிலையம் தீப்பற்றியது. 1927-இல் இரண்டாம் மனைவியுடனான மணவிலக்கு வழக்கால் பல மாதங்கள் வேலை நின்றது. 1929-இல் நடந்த முதல் ஆஸ்கார் விழாவில் இப்படத்திற்காக அவருக்குச் சிறப்பு விருது அளிக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் தன்வரலாற்றில் இதைப் பற்றி அவர் ஏறக்குறைய ஒன்றும் பேசவில்லை.

வடபுலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சாப்ளினின் நாடோடி பெரும்பாலும் ராஜ் கபூரின் வழியாகவே அறிமுகமாகிறான். ‘ஆவாரா’ (1951), ‘ஸ்ரீ 420’ (1955) ஆகியவற்றில் அந்தத் தொப்பியும் நடையும் நம் நாட்டு உடை உடுத்தி வந்தன. சர்க்கஸையே களனாகக் கொண்டு 1970-இல் அவர் எடுத்த ‘மேரா நாம் ஜோக்கர்’ நான்கு மணி நேரத்தை எட்டும் படம். அதில் தாய் இறந்த அன்றே கோமாளி அரங்கேறிச் சிரிக்க வைக்கிறான். அவன் உள்ளம் அழுகிறது என்பதை நாம் மறந்துவிடாதபடி படம் பலமுறை நினைவூட்டுகிறது. ‘தி சர்க்கஸ்’ ஏறக்குறைய எழுபது நிமிடங்களில் முடிகிறது. அதன் கோமாளி நம் முன் அழுவதே இல்லை. முட்டை வெந்துவிட்டதா என்று பார்க்கிறான். இரண்டையும் ஒருங்கே காணும் வாய்ப்பு இன்று வீடுகளிலேயே இருக்கிறது. பேசாப் படத்திற்கு மொழித்தடையும் இல்லை. ஊரிலிருந்து வந்த பாட்டியும் தமிழ் தடுமாறும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்து காணலாம்.

இறுதிக் காட்சியைச் சொல்லி நிறுத்துகிறோம். நாயகன் தானே முன்னின்று அப்பெண்ணைக் கயிற்று நடையாளனுக்கு மணமுடித்து வைக்கிறான். வண்டிகள் புறப்படுகின்றன, தங்களோடு வருமாறு அவர்கள் அழைத்தும் இவன் ஏறவில்லை. புழுதி அடங்கியதும், கூடாரம் இருந்த இடத்தில் தரையில் ஒரு வட்டம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதன் நடுவே பெட்டியொன்றின்மீது அமர்ந்திருக்கிறான். காலடியில் கிழிந்த காகிதத் துண்டு. அதில் ஒரு விண்மீன். எந்த வளையத்தைத் தவறவிட்டதற்காக ஒருத்தி பட்டினி போடப்பட்டாளோ, அத்தகைய வளையத்தின் காகிதம். எடுத்துப் பார்க்கிறான், கசக்குகிறான், எழுந்து குதிகாலால் பின்னுக்கு எற்றிவிட்டு நடக்கிறான். அடுத்த வேளை உணவு எங்கே என்பதைப் படம் சொல்லவில்லை. முட்டையிட்ட கோழியும் அவ்வண்டிகளோடு போயிருக்க வேண்டும்.